நல்லா இருக்கோம்

பேட்டரி இறங்கவில்லை என்பதுதான் புகார்.

இதைப் புகார் என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். மழைக்காலத்தில் மலைமேல் நிற்கும் டவர்களில் பேட்டரி இறங்கிப்போவதுதான் வழக்கம். சோலார் தகடு வெயிலைப் பார்க்காமல் நனைந்தபடி நிற்கும். ரேடியோக்கள் இருக்கிற மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் எல்லாம் அணையும். ஆனால் நெடுங்கானல் டவரில் ஆடி முழுக்க அடைமழை, ஆவணியிலும் பாதி நாள் மூடுபனி, பேட்டரி மட்டும் நிறைகுடமாக நின்றது. கட்டுப்பாட்டு அறை வாசுகி மேடம் திரையைப் பார்த்துவிட்டு, "மீட்டர் கெட்டிருக்கும். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார்.

டவர்களைப் பழுது பார்க்கும் லூர்துக்கு அது மீட்டர் கோளாறாகத் தோன்றவில்லை. பேட்டரி இறங்கவில்லை என்றால் எதுவோ தின்னவில்லை. எதுவோ தின்னவில்லை என்றால் எதுவோ செத்துக் கிடக்கிறது. ஆனால் திரையில் எல்லாம் பச்சை விளக்கு; பேச்சு அறுந்தால்தான் அது சிவப்பாகும். நேற்று சாயங்காலம்கூட அந்த டவர் வழியாகத்தான் அக்காவிடம் பேசினான். அதனால் வாயைத் திறக்கவில்லை. பயந்தவன் வழக்கமாகச் செய்வது அதுதான். கணக்கு சரியாக வந்து தொலைத்துவிடுமோ என்று பாதியிலேயே நிறுத்திவிடுவான்.

டவர் நின்றது நடுமேட்டில். கீழே ஒருபக்கம் டவுன். மறுபக்கம் ஆழமான ஓடை, அதைத் தாண்டிய மலைச்சரிவில் நெடுங்கானல். எஸ்டேட்டை மூடிய பிறகும் போக்கிடம் இல்லாத சில குடும்பங்கள் அங்கே வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இருந்தன. ஆடி பிறந்த கையோடு ஓடைப் பாலம் போனது. அதற்கப்புறம் அவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் இடையில் இருந்தது இந்த டவர் ஒன்றுதான். லூர்துவின் அக்கா ரெஜினாவும் அவள் புருஷன் சவரிமுத்துவும் அங்கேதான் இருந்தார்கள். ரெஜினா நிறைமாதம்.

கூட வந்த மாரியப்பன் பொள்ளாச்சிக்காரர். டவர்களுக்குப் பெயின்ட் அடிப்பது, புதர் வெட்டுவது, கயிறு பிடிப்பது எல்லாம் அவர்தான். மாற்று ரேடியோவை முதுகில் கட்டிக்கொண்டு, அட்டை கடித்த கணுக்காலைச் சொறிந்துகொண்டு ஏறினார். உச்சி நேரம்தான், ஆனால் பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. பனி மரங்களுக்குள் புகுந்து படுத்திருந்தது.

"அக்கா எப்பிடி இருக்குது தம்பி?"

"நல்லா இருக்காங்களாம். இன்னும் நாளிருக்குன்னாங்க."

"எத்தன மாசமாச்சு?"

"ஆனியில கேட்டப்போ எட்டு."

மாரியப்பன் விரலை மடக்க ஆரம்பித்தார். ஆனி, ஆடி என்றவர் நின்றுவிட்டார். பாதை ஓடையின் விளிம்பை ஒட்டித் திரும்பும் இடம் அது. கீழே செம்மண் தண்ணீர் இரைந்துகொண்டு போனது. நடுவில், வேரோடு சாய்ந்த மூங்கில் புதரில், நீலத் தார்ப்பாய் ஒன்று சிக்கி அடித்துக்கொண்டிருந்தது. தலையில் மாட்டி முதுகில் விடுவதற்காக ஒரு முனையை மடித்து முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

"எவனோ கொங்காடைய விட்டுட்டுப் போயிட்டான் பாருங்க" என்றார் மாரியப்பன். "மழைக்கு நனைஞ்சிட்டே போயிருப்பான், மடையன்."

லூர்து ஒரு நொடி பார்த்துவிட்டு நடந்தான்.

டவரின் அடியில் இரும்புப் பெட்டி. அதற்குள் பேட்டரிகள், ஒயர்கள், தீப்பெட்டி அளவில் ஒரு பச்சை அட்டை. அதைத்தான் எல்லோரும் நிரப்பி என்பார்கள். லூர்து பேட்டரியை அளந்தான். மீட்டர் பொய் சொல்லவில்லை. மேலே போகும் இரண்டு ஒயர்களில் டவுன் பக்கத்து ஒயரில் மின்சாரம் ஓடியது. நெடுங்கானல் பக்கத்து ஒயரில் சொட்டுக்கூட ஓடவில்லை.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லண்ணா. மேல ஏறிப் பாக்கணும்."

"இந்தத் தக்கினியூண்டு அட்டைதான் பேசற வேலை எல்லாம் பாக்குதா?" மாரியப்பன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"பேசறதில்ல. பேச்சுல விழற ஓட்டைய அடைக்கிறது. பனியில, மழையில நடுவுல ஒரு வார்த்த விட்டுப்போகுதுல்ல, அத இது போட்டுரும். யாரு, எப்பிடிப் பேசுவாங்கன்னு கேட்டுக் கேட்டுப் பழகி வெச்சிருக்கும். அவங்க குரல்லயே சொல்லும். மேல நெடுங்கானல் கம்பத்துலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. அவங்களுக்கு நம்ம வார்த்த விட்டுப்போனா அது போடும்."

"எங்கூட்டுலயும் ஒண்ணு மாட்டி உடுங்க தம்பி. எம்பொண்டாட்டி கேக்கறதுக்கு 'ஆமா ஆமா'ன்னு சொல்றதுக்கு நான் எதுக்கு?"

லூர்து இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு ஏறினான்.

மேலே கம்பி குளிர்ந்து வழுக்கியது. நெடுங்கானலைப் பார்த்து நின்ற ரேடியோ, வெள்ளை பிளாஸ்டிக் முகத்தோடு பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. விளக்கு மட்டும் எரியவில்லை. மூடியின் திருகுகளைக் கழற்றி நெம்பினான். உள்ளேயிருந்து பழுப்புத் தண்ணீர் கொட்டியது. கீழே மாரியப்பன் ஏதோ கத்தினார். தண்ணீரோடு எறும்புகளும் வந்தன, ஊறி உப்பிய கறுப்பு எறும்புகள். சர்க்யூட் பலகையின் பாதியைப் பச்சைத் துரு தின்றிருந்தது. விரலால் தொட்டான். ஒரு சிப்பு சாம்பல்போல உதிர்ந்து கையோடு வந்தது.

ஒரு வாரத் துரு இல்லை இது. ஒரு மாதத் துருவும் இல்லை. ஆடியின் முதல் மழைக்கே செத்திருக்க வேண்டும்.

இந்த ரேடியோக்களின் அடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. உள்ளே வியர்க்கிற தண்ணீர் வடிவதற்காக வைத்தது. அந்தத் துளையை யாரோ வெள்ளைப் பசை வைத்து, விரலால் அழுத்தி, வழித்து, அழகாக அடைத்திருந்தார்கள்.

அப்போது அவன் சட்டைப் பையில் போன் அடித்தது.

திரையில் 'அக்கா' என்று இருந்தது.

ஒரு கையில் செத்த ரேடியோ. இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் பேச்சு இந்த மலையில் இதன் வழியாக மட்டும்தான் வர முடியும். வேறு வழியே இல்லை. போன் நிற்காமல் அடித்தது. பனிக்குள் ஓடை இரையும் சத்தம் தவிர வேறு எதுவும் இல்லை. முழங்காலைக் கம்பியில் முட்டுக்கொடுத்துக்கொண்டு எடுத்தான்.

"லூர்து, சாப்பிட்டியாடா?"

அதே குரல். 'டா' சொல்லும்போது வரும் அதே சின்ன இழுப்பு.

"சாப்பிட்டேன்" என்றான். பழக்கத்தில் வந்துவிட்டது.

"மழையில நனையாத. சளி புடிச்சுக்கும்."

"சரி. பிரசவம் எப்பக்கா?"

"இன்னும் நாளிருக்குடா."

ஆனியில் எட்டு. ஆடி ஒன்பது. ஆவணியும் முடியப்போகிறது. மாரியப்பன் பாதியில் விட்ட விரல்களை அவன் மடக்கி முடித்தான்.

"மச்சான் எங்க?"

"இங்கதான் இருக்காரு. நல்லா இருக்கோம்."

"அக்கா, நான் செத்துப்போயிட்டேன்."

இம்மி அளவுகூடத் தயக்கமில்லை. "சரிடா. ஒடம்பப் பாத்துக்க. வெச்சிரவா?"

அக்காவின் குரல் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, "சரி சரி, நாளைக்குப் பேசுறேன்" என்று சொல்லி வைத்தது.

எப்படி இறங்கினான் என்று தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டான். இவ்வளவு நாளும் இதோடு பேசியிருக்கிறான். ஒரு தடவைகூடச் சந்தேகம் வரவில்லை. ஏன் வரும்? அவனும் அக்காவும் வருஷக்கணக்கில் பேசிக்கொண்டதே இவ்வளவுதான். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், ஒடம்பப் பாத்துக்க. ஒரு அட்டை கற்றுக்கொள்ள இதைவிடச் சுலபமான பாடம் எந்த நாட்டிலும் கிடைக்காது.

"தம்பி, மூஞ்சி ஏன் இப்பிடி வெளுத்துக் கெடக்குது?"

லூர்து ரேடியோவைத் திருப்பி அடைபட்ட துளையைக் காட்டினான்.

"அதா? போன சித்திரையில நான்தான் அடைச்சேன்" என்றார் மாரியப்பன். "எறும்பு ஏறிட்டே இருந்துச்சு. நம்மாள முடிஞ்சது. நல்லா அடைச்சிருக்கனா?"

"நல்லா அடைச்சிருக்கீங்கண்ணா. எத்தன டவர்ல அடைச்சீங்க?"

அவன் கேட்ட விதத்தில் ஏதோ புரிந்து மாரியப்பனின் சிரிப்பு நின்றது. பனிக்குள் மறைந்து நின்ற மற்ற மலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எல்லாத்துலயும்தான்" என்றார்.

லூர்து போனை எடுத்தான். வாசுகி மேடத்தின் எண்ணை அழுத்தப்போன விரல் நின்றது. டவுன் பக்கத்து ரேடியோவில் மின்சாரம் ஓடுவதை அளந்திருக்கிறான். ஆனாலும் எடுத்துப் பேசப்போவது மேடம்தான் என்று யார் சொல்வது? அழுத்தினான்.

"சொல்லு லூர்து, மீட்டர்தானே?"

"மேடம், நான் செத்துப்போயிட்டேன்."

"யோவ்! பட்டப்பகல்ல குடிச்சிட்டு டவர் ஏறினியா? மாரியப்பன்கிட்ட போனக் குடு!"

திட்டு வாங்கி அவன் இவ்வளவு நிம்மதி அடைந்ததில்லை. "குடிக்கல மேடம். நெடுங்கானல் பக்கத்து ரேடியோ செத்துக் கெடக்கு. ஆடி மழையிலேயே செத்திருக்கு."

"உளறாத. கங்காணி தேவசகாயம் இன்னிக்குக் காலையில என்கிட்ட பேசினாரு."

"என்ன சொன்னாரு?"

"எப்பவும் சொல்றதுதான். நல்லா இருக்கோமுங்க, ஒரு கொறையும் இல்லைங்கன்னு..."

மேடத்தின் குரல் அங்கேயே நின்றது.

எஸ்டேட் சனங்களுக்கு அது ரத்தத்தில் ஊறியது. துரை கேட்டாலும், மேனேஜர் கேட்டாலும், ஆபீசர் கேட்டாலும் பதில் ஒன்றுதான். எந்திரத்தில் விரல் போனவன்கூடத் துணியைச் சுற்றிக்கொண்டு 'நல்லா இருக்கோமுங்க' என்றுதான் நிற்பான். குறை சொன்னவன் வீடு காலி ஆகும் என்பது பாட்டன் காலத்துப் பாடம். நிரப்பி அதையும் கேட்டுப் பழகியிருந்தது. பாலம் போன நாளிலிருந்து தினம் காலையில் மேடம் கேட்டார், அது பதில் சொன்னது. அதைக் கேட்டு, நெடுங்கானலுக்கு அவசரமில்லை என்று மீட்பு ஆட்களை வேறு மலைக்கு அனுப்பினார்கள்.

"ஒரு வார்த்த ரெண்டு வார்த்தைக்கு மேல அது பேசக் கூடாதே மேடம். வரம்பு ஒண்ணு இருந்துச்சே?"

"எடுத்துட்டோம்." மேடம் குரலைத் தாழ்த்தினார். "பேச்சு பாதியில அறுந்துபோகுதுன்னு மனு மேல மனு. சனங்களே கேட்டாங்க. கம்பெனிக்காரன் வரம்ப எடுத்துவிட்டான். அதுக்கப்புறம் ஒரு புகார் வரல. அதோட வேலை பேச்சு அறுந்துபோகாமப் பாத்துக்கிறது, அவ்வளவுதான். வழக்கமா பேசற நேரத்துக்குப் பேச்சு வரலேன்னா தானே மணியடிச்சுப் பேசும். பேச்ச அறுக்கிற மாதிரி எதையும் அது சொல்லாது."

"அப்போ கெட்ட சேதி?"

"சொல்லாது."

ஓடை இரைந்தது.

"லூர்து, இப்ப எதையும் மாத்தாத" என்றார் மேடம். "நெடுங்கானல் பாதிப்பு இல்லைன்னு தினம் கையெழுத்து போட்டிருக்கேன். நான் மேலிடத்துல ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"நாளைக்குச் சொல்றீங்களா மேடம்?"

வைத்துவிட்டான்.

மாற்று ரேடியோவின் அடித்துளையை ஒரு முறை ஊதிப் பார்த்தான். காற்று போனது. துருப்பிடித்த ஒயர் முனையை வெட்டிப் புதுமுனை மாட்டி இறுக்கினான். மழைத்தண்ணீர் ஒயர் வழியாக ஓடி உள்ளே போகாமல் இருக்க ரேடியோவுக்குக் கீழே ஒயரைத் தொங்கலாக வளைத்துக் கட்டினான். ஈரக் கையிலிருந்து ஒரு திருகு வழுக்கி விழுந்து பனிக்குள் போனது. மாரியப்பன் கீழே கயிற்றை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். ரேடியோவை மெல்ல மெல்லத் திருப்பி, ஓடைக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத நெடுங்கானல் கம்பத்தைத் தேடினான். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

இறங்கி வந்து, பெட்டியிலிருந்த நிரப்பியைப் பிடுங்கி மண்ணில் போட்டான். மேலே நெடுங்கானல் கம்பத்தில் இருப்பது அப்படியே இருக்கும். ஆனால் ஓட்டை விழாதவரை அதற்கு வேலை இல்லை.

அக்காவின் எண்ணை அழுத்தினான்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. நிரப்பி இருந்தால் உடனே எடுத்திருக்கும். நிஜமான வீட்டில், நிஜமான தூரத்திலிருந்து ஒருவர் நடந்து வந்து எடுக்க வேண்டும். எடுக்க ஆள் இருக்க வேண்டும்.

எடுத்தார்கள். பேச்சில்லை. மூச்சு மட்டும். அதற்குப் பின்னால், எங்கோ அறைக்குள், பச்சைக்குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது.

லூர்து அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டான். எந்த அட்டையும் இதுவரை கேட்டிராத சத்தம் அது.

"அக்கா!"

"ம்." காய்ந்துபோன குரல். "சாப்பிட்டியான்னு கேளு. கேட்டுட்டு வெச்சிரு."

"அக்கா, நான்தான். லூர்து. நிஜமாவே லூர்து."

"நேத்தும் இதையேதான் சொன்ன."

"இல்லக்கா, அது நானில்ல. ரேடியோ செத்துப்போச்சு. நடுவுல ஒரு பொட்டி என் குரல்ல..."

"தெரியும். கங்காணி கண்டுபுடிச்சுச் சொல்லிட்டாரு, பேசறது ஆளில்ல, பொட்டின்னு. ஆள் அனுப்பு ஆள் அனுப்புன்னு கத்தினோம். நாளைக்கு வர்றோம், நாளைக்கு வர்றோம்னே சொன்னீங்க." கோபமில்லை. கோபப்படவும் தெம்பில்லாத குரல். "இங்க இப்போ ஒருத்தரும் போன் எடுக்கிறதில்ல. நான் மட்டுந்தான் எடுக்கிறேன்."

"ஏங்க்கா?"

"உன் மச்சான் அங்க பத்திரமா இருக்காருன்னு நீ சொல்லுவல்ல. அதக் கேக்க."

லூர்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"எனக்கு வலி எடுத்த அன்னிக்கு ஆள் கூட்டியாரேன்னு கெளம்பினாரு. கொட்டுற மழை. நீலத் தார்ப்பாய்ல கொங்காடை மடிச்சுப் போட்டு விட்டேன். அன்னிக்கே உனக்கு அடிச்சேன், அவரு வந்து சேந்துட்டாரான்னு. வந்துட்டாருக்கா, சாப்பிட்டுட்டுத் தூங்குறாருன்ன. தினமும் கேக்கறேன். தினமும் தூங்குறாருன்னுதான் சொல்ற. பொட்டின்னு தெரியும். ஆனா ஒருவேள..."

குழந்தை அழுதது.

லூர்து நிமிர்ந்தான். மாரியப்பனுக்குப் பேச்சு கேட்டிருக்கிறது. அவர் ஓடைப் பக்கம் திரும்பி நின்று, தலையில் இருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தார்.

இங்கதான் இருக்காருக்கா. அதைச் சொன்னால் போதும். அக்கா 'ம்' என்பாள், வைத்துவிடுவாள். கயிறு கட்டி ஓடையைத் தாண்டி நேரில் போகிறவரை அவள் அதைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். பிள்ளை பெற்ற உடம்பு. இந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். அட்டையும் அதைத்தான் சொன்னது.

"சொல்லு" என்றாள். "மச்சான் தூங்குறாரா?"

"இல்லக்கா."

அவன் ஓடைப் பக்கம் திரும்பினான்.

"மச்சான் இங்க வரலக்கா. வந்து சேரவே இல்ல. தார்ப்பாய மட்டும் பாத்தேன். ஓடையில மூங்கில்ல மாட்டிக் கெடக்கு."

பனி நகர்ந்தது. புது ரேடியோவின் விளக்கு மேலே சிறு புள்ளியாக எரிந்துகொண்டிருந்தது. இணைப்பில் ஓட்டை எதுவும் இல்லை. அந்த மௌனம் முழுக்க அவளுடையது. கத்துவாள் என்று காத்திருந்தான். கத்தவில்லை. குழந்தையை எடுத்து மார்பில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும், அழுகை தேம்பலாகி அடங்கியது.

பிறகு, ஆனி மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாக, பெட்டியிடம் அல்லாமல் அவனிடமே பேசும் அக்காவின் குரலைக் கேட்டான்.

"லூர்து," என்றாள், "நீயாடா?"